நூற்றுப்பதினேழாம் பெஞ்சு

அத்தியாயம் பதினான்கு

பதினோரு மாதமாக அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்த துண்டை என் வீட்டுக்காரி அன்று காலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், சாம்பல் நிறம். ஓரத்தில் மார்க்கர் பேனாவில் 117 என்று எண்.

"பத்திரம். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எரிஞ்சா போச்சு."

"எரியணும்னுதானே கொண்டு போறேன்," என்றேன்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன், அதாவது இவளுடைய தம்பி, தெருவுக்கும் பூங்காவுக்கும் பெஞ்சு செய்கிற தொழிற்சாலை வைத்திருக்கிறான். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்து அச்சில் வார்க்கிற பெஞ்சு. மழையில் ஊறாது, கறையான் தொடாது. ஆனால் ரெசின் மட்டும் இருந்தால் எண்ணெய்த் துணி மாதிரி எரியும். அதனால் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்க வேண்டும். சூடு பட்டதும் அந்தப் பொடி தனக்குள் இருக்கிற தண்ணீரைக் கக்கித் தீயை அணைத்துவிடும். பட்டறையில் அதற்குத் தண்ணிப்பொடி என்று பெயர். பத்தொன்பது வருஷம் அதைக் கலந்தவன் நான்.

போன வருஷம் ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் எங்கள் பெஞ்சு ஒன்று பற்றிக்கொண்டது. பக்கத்துக் குப்பைத் தொட்டியில் எவனோ போட்ட சிகரெட். காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரரால் எழுந்து ஓட முடியவில்லை. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே தோல் தப்பவில்லை.

விசாரணையில் என் மைத்துனன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அத்தான் பொடியைக் குறைச்சுப் போட்டுட்டு மிச்சத்தை வெளியில வித்துட்டாரு."

அன்றோடு வேலை போனது. ஊருக்குள் எனக்குப் பொடித்திருடன் என்று பெயர் வந்தது. தபால்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மகள் வாசலிலேயே மறித்தாள். "பொடி வித்த ஆளு நீங்கதானே? எங்கப்பா கால்ல பூசக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வியைத் தினமும் காலையில் முகம் கழுவும்போது கேட்கிறேன். கேட்டு முடித்ததும் என் மைத்துனனின் முகம் வரும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசியே எடுக்கும்.

பொடியில் கை வைத்தது அவன்தான். மூட்டையில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி வைத்து, என் கையாலேயே கலக்க வைத்தான். பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை. அவனைப் பார்த்திருக்கிறேன், அது போதும்.

ஆதாரம் இந்தத் துண்டு. ஒவ்வொரு பெஞ்சு வார்த்து முடித்ததும் அதே வாளியில் மிஞ்சியதை வழித்துச் சின்னத் தட்டு ஒன்று வார்ப்போம். சாட்சித் துண்டு என்று பெயர். வழித்து ஊற்றுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். ஒரு சொட்டு வீணாவது எனக்குப் பிடிக்காது. எரிந்தது நூற்றுப்பதினேழாம் பெஞ்சு. தீப்பிடித்த செய்தி வந்த அரை மணி நேரத்தில், தம்பி கை நீட்டுவதற்குள், என் வீட்டுக்காரி அதன் சாட்சித் துண்டை எடுத்து மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துண்டு வெட்டுவதும் எண் போடுவதும் அடுக்குவதும் அங்கே அவள் வேலை.

விசாரணையிலேயே ஏன் நீட்டவில்லை? விசாரணைக்கு வந்த நகராட்சி ஆளே என் மைத்துனனின் காரிலிருந்துதான் இறங்கினான். அவன் கையில் கொடுத்தால் துண்டும் போகும், துண்டு இருந்ததென்ற பேச்சும் போகும்.

நான் வெளியேறிய பிறகும் அவள் அங்கே வேலைக்குப் போனாள். ஏன் போகிறாய் என்று ஒருநாள் கத்தினேன். "நானும் நின்னுட்டா அந்த ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?" என்றாள். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

இப்போது நகராட்சியில் அதிகாரி மாறியிருந்தார். ஒரு அம்மா. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி புகார் எழுதினாள். பதில் வந்தது: நானூறு புதுப் பெஞ்சுக்கு ஒப்புதல் தருவதற்கு முன்னால் தொழிற்சாலையிலேயே தீச்சோதனை நடத்தப்போகிறேன், உங்கள் துண்டையும் கொண்டு வாருங்கள், அதே சுடரில் காட்டிப் பார்க்கலாம்.

அந்த நாள்தான் இது.

"அவன் என் தம்பி," என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"தெரியாமத்தான் இத்தனை வருஷம் மச்சினன்னு கூப்பிட்டேனா?"

"கிண்டல் வேணாம். நீங்க அவனைக் கவுக்கப் போறீங்களா, உங்க பேரைத் திருப்பி வாங்கப் போறீங்களா?"

"ரெண்டும் ஒரே கடையிலதான் கிடைக்குது."

"ஒண்ணுதான் கிடைக்கும்னு சொன்னா?"

நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். வார் ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

*

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த வாசலுக்குள் கால் வைத்தேன். ரெசின் நாற்றம் மூக்கில் ஏறியது. தலைவலி தருகிற நாற்றம்தான். என்றாலும் இழுத்து மூச்சு விட்டேன்.

எதுவும் மாறவில்லை. கலக்குகிற இயந்திரம் மூலையில் நான் போர்த்திவிட்டுப் போன அதே பச்சைத் துணிக்குள் கிடந்தது. மோட்டார் எரிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் வாங்கவில்லை. சுவரோரமாகப் பத்து வாளி, மூடி போட்டு வரிசையாக நின்றன. விடியற்காலை ஆறு மணிக்கே பத்தையும் கலந்து வைத்துவிட வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக ரெசினை இறுக வைக்கிற மருந்தை ஊற்றி அச்சில் விட வேண்டும். அது மைத்துனன் போட்ட சட்டம். கலக்கிவிட்டு நிற்கிற நேரம் வீண் நேரமாம். வெல்டிங்கில் இருந்தவனை இழுத்துக் கலவைக்காரன் ஆக்கியிருந்தான். அவன் என்னைக் கண்டதும் பார்வையைத் தரையில் போட்டான்.

"வாங்க அத்தான்." மைத்துனன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தான். "டீ சாப்பிடறீங்களா?"

"நீ கலந்ததுன்னா வேணாம்."

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. மாட்டி வைத்த சிரிப்பு அது, கழற்ற நேரமாகும்.

"அக்கா, நீயாவது சொல்லக் கூடாதா? வயசான காலத்துல இந்த மனுஷனுக்கு எதுக்கு அலைச்சல்?"

"அலையறது அவரு கால்தானே, உனக்கு எங்க வலிக்குது?" என்றாள் அவள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெட்டும் மேஜைக்குப் போய்விட்டாள்.

அதிகாரி அம்மா வந்தார். கட்டையான தலைமுடி, கனமான காலணி. தொழிற்சாலைக் கடிகாரத்தை நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டி, பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். எனக்கு யார்மேலும் சட்டென்று மதிப்பு வராது. அந்தக் கடிகாரத்துக்காகக் கொஞ்சம் வந்தது.

சோதனை எளிது. துண்டை இடுக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கீழே கொஞ்சம் பஞ்சு. துண்டின் நுனியில் பத்து நொடி கேஸ் சுடரைக் காட்டி எடுத்துவிட வேண்டும். சுடர் போன பிறகு துண்டு தானாக அணைய வேண்டும், பத்து நொடிக்குள். சொட்டு விழுந்து பஞ்சு பற்றக் கூடாது.

முதலில் புதுப் பெஞ்சுகளின் சாட்சித் துண்டு மூன்று. நாலு நொடி. மூன்று நொடி. நாலு நொடி. பஞ்சு வெள்ளையாகவே கிடந்தது.

"இப்ப அத்தானோட பொக்கிஷம்," என்றான் மைத்துனன்.

நான் 117-ஐ என் கையாலேயே இடுக்கியில் மாட்டினேன். பசித்தவன் முன்னால் தட்டு வைத்தது மாதிரி இருந்தது. இப்போது இது குப்பென்று பிடிக்கும், சொட்டும், பஞ்சு எரியும், அவன் சட்டை மடிப்பு கலையும். பதினோரு மாதம் இதைத்தான் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

சுடர் வந்தது. பத்து நொடி. சுடர் போனது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அணைந்துவிட்டது.

துண்டின் நுனி கறுத்திருந்தது, அவ்வளவுதான். பஞ்சில் ஒரு தூசிகூட விழவில்லை.

பிறகு மைத்துனன் மெதுவாகக் கை தட்டினான்.

"அத்தான், உங்க சாட்சி எனக்குல்ல சாட்சி சொல்லிட்டுப் போகுது!"

சிரிப்பு எழுந்தது. டீ கேட்டபோது என் பக்கம் சிரித்த அதே வாய்கள்.

அதிகாரி தாளில் எழுதிக்கொண்டே, "பொடி சரியா இருக்கு. சுண்ணாம்பு கலந்தாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு ஆதாரம் இல்ல," என்றார்.

"அதோட போகல மேடம்." மைத்துனன் ஒரு அடி முன்னால் வந்தான். குரலில் அவசரமே இல்லை. "பொடி சரியா இருக்கற துண்டு, எரிஞ்சு சாம்பலான பெஞ்சு. ரெண்டும் ஒரே வாளின்னு எழுதியிருக்கு. எப்படி? துண்டுக்கு மட்டும் அளவாப் போட்டுட்டு பெஞ்சுக்குக் குறைச்சிருக்காரு. திருடினது மட்டுமில்ல, திருட்டுக்கு ஒரு நல்ல சாட்சியையும் வார்த்து வச்சிருக்காரு."

நானே கொண்டுபோய்க் கொடுத்த கயிற்றில் என்னையே கட்டிவிட்டான்.

இடுக்கியிலிருந்து துண்டைக் கழற்றினேன். சூடாக இருந்தது. கையில் வைத்து உருட்டினேன்.

கனத்தது.

பதினோரு மாதமாக அதைத் தொடாமலே போர்வைக்கு அடியில் வைத்திருந்தேன், தொட்டால் கைரேகை பட்டுக் கெட்டுவிடும் என்று. இடுக்கியில் மாட்டும்போதுகூட நுனியைத்தான் பிடித்தேன், இப்போதுதான் உள்ளங்கையில் வைக்கிறேன். பத்தொன்பது வருஷம் கலந்த கைக்குக் கனம் தெரியும். ஒரு சாண் துண்டு இவ்வளவு கனக்கக் கூடாது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் தோலுக்கு உள்ளே வெள்ளை. சுத்தமான வெள்ளை. இதில் பொடி சரியாக இல்லை. அளவுக்கு மேல் இருந்தது. இரண்டு மடங்கு இருக்கும்.

அப்புறம் எனக்குப் புரிந்தது.

வாளி. கலந்து வைத்த வாளி நின்றால் பொடி அடியில் போய் உட்காரும். ரெசின் கெட்டியாக இருந்தால் மெதுவாக உட்காரும். அச்சில் சீக்கிரம் ஓட வேண்டுமென்று மைத்துனன் தின்னர் ஊற்றி நீர்க்க வைத்ததிலிருந்து மடமடவென்று உட்காரும். நின்ற வாளியைக் கிளறாமல் சாய்த்தால் மேலே இருக்கிற வெறும் ரெசின் பெஞ்சுக்குப் போகும். அடியில் தங்கின பொடியெல்லாம், நான் ஒரு சொட்டு விடாமல் வழித்து ஊற்றினேனே, அந்தத் தட்டுக்குப் போகும்.

பெஞ்சு எரியும். சாட்சி எரியாது. ஒவ்வொரு முறையும்.

சுண்ணாம்பும் இல்லை, திருட்டும் இல்லை. அவனும் திருடவில்லை, நானும் திருடவில்லை.

ஊற்றுவதற்கு முன்னால் துடுப்பால் கிளற வேண்டும். மோட்டார் எரிந்த பிறகு கையால் கிளறிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை கழன்று விடும். அந்த ஒரு நாள் மட்டும், நூற்றுப்பதினேழு வார்த்த நாள் மத்தியானம், கிளறவில்லை. ஏன் கிளறவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அப்போது எனக்கு அதைவிட முக்கியமாக ஒன்று தோன்றியது.

அவன் சட்டம் இன்னும் மாறவில்லை. அதோ பத்து வாளி நிற்கிறது. புதுக் கலவைக்காரன் தோள்பட்டைக்கும் தோள்பட்டை வலிதான்.

"மேடம்," என்றேன். "தட்டுல வார்த்ததை விடுங்க. அங்க நிக்குதே புதுப் பெஞ்சு, அதுலேர்ந்தே ஒரு துண்டு வெட்டுங்க. முதுகு சாயற இடத்துல. அச்சுல முதல்ல ஊத்தறது அங்கதான்."

மைத்துனனின் சிரிப்பு அப்போதுதான் கழன்றது. "அனுப்பப்போற பெஞ்சை வெட்டறதா? இவரு யாரு மேடம் இதைச் சொல்றதுக்கு?"

"இவரு சொல்லலேன்னாலும் வெட்ட எனக்கு உரிமை இருக்கு," என்றார் அதிகாரி. "எந்தப் பெஞ்சுன்னு நானே காட்டறேன்."

ஆறு பெஞ்சு தாண்டி ஏழாவதில் கை வைத்தார். என் வீட்டுக்காரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெட்டும் இயந்திரத்தை எடுத்து வந்தாள். பற்கள் சுழல்வதற்கு முன்னால் ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பெஞ்சின் முதுகில் இறங்கியது. தூள் பறந்தது.

வெட்டிய துண்டை என் கையில் தந்தாள். இறகு மாதிரி இருந்தது.

இடுக்கி. பஞ்சு. சுடர். பத்து நொடி.

சுடரை எடுத்த பிறகும் தீ போகவில்லை. துண்டின் நுனியில் மஞ்சளாக நின்றது, யோசிப்பது மாதிரி. பிறகு மேலே ஏறியது. கறுப்புப் புகை கிளம்பியது. சர்சர்ரென்று சொட்டியது. பஞ்சு பிடித்துக்கொண்டது. அதிகாரி ஈரத்துணியைப் போட்டு அமுக்குகிற வரை எரிந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். பதினோரு மாதத்தில் அவ்வளவு நிறைவாக நான் மூச்சு விட்டதில்லை. அந்தப் புகையை இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. மைத்துனன் நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு வழியாக இறங்கி, மடிப்புக் கலையாத காலரில் போய் நின்றது. ஒவ்வொரு சொட்டாக எண்ணினேன்.

"இது எப்படி?" என்றார் அதிகாரி.

நான் நேராக வாளி வரிசைக்குப் போனேன். ஒன்றின் மூடியைத் திறந்து, சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து உள்ளே விட்டேன். பாதி ஆழம் வரை தண்ணீரில் போவது போலப் போனது. பிறகு நின்றது. அழுத்தினேன். களிமண்ணில் குத்தியது மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கையை எடுத்தேன். துடுப்பு சாயவில்லை.

"பொடி எல்லாம் அங்க இருக்கு மேடம். மேல இருக்கறது பெஞ்சுக்கு. அடியில இருக்கறது உங்க சோதனைக்கு."

அதிகாரி துடுப்பை ஆட்டிப் பார்த்தார். அடுத்த வாளியைத் திறக்கச் சொன்னார். அதற்கடுத்ததையும். புதுக் கலவைக்காரன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எனக்குப் பாவம் பார்க்க வராது, அதனால் சீக்கிரம் போய்விட்டது.

"காலையிலேயே கலந்து வைக்கச் சொன்னது யாரு? தின்னர் ஊத்தச் சொன்னது யாரு? மோட்டார் வாங்காம ஒரு வருஷமாத் துணி போர்த்தி வச்சிருக்கறது யாரு?" என்றேன். "எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான். கேளுங்க."

மைத்துனன் படித்தவன். வேர்த்துக்கொண்டே யோசிக்கத் தெரிந்தவன்.

"மேடம், நான் ஒத்துக்கறேன். மோட்டார் வாங்கல. ஆனா ஊத்தறதுக்கு முன்னால கிளறணும்ங்கறது கலவைக்காரன் வேலை. அதுக்குத்தான் துடுப்பு இருக்கு. நூத்திப்பதினேழு அன்னைக்குத் துடுப்பு யாரு கையில இருந்துச்சு?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க கிளறினீங்களா?"

என் வீட்டுக்காரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளறினேன் என்று சொல்லலாம். பொய்யென்று காட்ட யாரும் சாட்சி இல்லை. ஆனால் கணக்கு எனக்கும் தெரியும், மூன்றாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அது போதும். நான் கிளறியிருந்தால் பொடி பெஞ்சுக்குப் போயிருக்கும், பெஞ்சு எரிந்திருக்காது. எரிந்தது. அப்படியானால் பொடி இல்லை. பொடியைத் திருடியது நான். கிளறினேன் என்றால் திருடன். கிளறவில்லை என்றால் அந்தத் தபால்காரரின் காலை எரித்தவன். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று நீட்டுகிறான். இரண்டிலும் அவன் எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

அவன் நினைத்ததில் ஒரு தப்பு இருந்தது. நான் என் பேரைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நம்பினான்.

"இல்ல மேடம்," என்றேன். "கிளறல."

என் வீட்டுக்காரி தூள் துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

"மறந்துட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"மறக்கல. வேணும்னேதான் கிளறல. அன்னைக்கு மத்தியானம் மோட்டார் எப்ப வரும்னு கேட்டேன். இத்தனை பேர் முன்னாடி என்னை 'ஏ மூணாங்கிளாஸ், கையி எதுக்கு இருக்கு?'ன்னான். படிச்சவன்தானே, அவனே வந்து கிளறட்டும்னு துடுப்பைச் சுவத்துல சாச்சிட்டேன். அந்தக் கோவத்துலதான் வாளியைக் கவுத்தேன். நூத்திப்பதினேழு. அவன் சட்டத்துல நிக்க வச்ச வாளி, அவன் ஊத்தின தின்னர், என் கோவம். எழுதிக்கங்க. மூணையும் எழுதிக்கங்க. ஒண்ணை விட்டா மத்த ரெண்டும் பொய்யாயிடும்."

அதிகாரி எழுதினார்.

"இன்னொண்ணு," என்றேன். "இந்த வழியில வார்த்த பெஞ்சு இப்பவும் தெருவுல இருக்கு. இவன் சட்டம் போட்டு ஒண்ணரை வருஷம். எத்தனைன்னு அவன்கிட்டக் கேளுங்க."

மைத்துனன் என் அருகே வந்தான். கிசுகிசுவென்று பேசினான். "பைத்தியமா உங்களுக்கு? திருடன்னாவது ஊரு மறந்திருக்கும். இப்ப என்ன கிடைச்சுது உங்களுக்கு?"

"நீ," என்றேன்.

அவன் ஒரு அடி பின்னால் போய்க் காலரைத் துடைத்துக்கொண்டான்.

*

அதிகாரி முடிவைச் சத்தமாகவே படித்தார். நானூறு பெஞ்சுக்கும் ஒப்புதல் இல்லை. தெருவில் இருக்கிற பெஞ்சுகளை இரண்டு நாளில் எடுக்க வேண்டும், எடுக்கிற வரை ஒவ்வொன்றையும் கயிறு கட்டி மறிக்க வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் மைத்துனனும் நானும் நேரில் வர வேண்டும். தபால்காரர் குடும்பத்துக்கும் ஆள் அனுப்பப்படும்.

கடைசி வரியில் ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வந்தது. அந்த மகளின் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். பக்கத்தில் அவனும் நிற்பான் அல்லவா.

கோப்பை மூடப்போன அதிகாரி நிறுத்தினார். உள்ளேயிருந்து சின்னச் சீட்டுகளை எடுத்தார், ரப்பர் வளையம் போட்டுக் கட்டின கட்டு.

"ஒவ்வொரு சாட்சித் துண்டோடவும் ஒரு உறுதிமொழிச் சீட்டு வருது. 'இந்தத் துண்டும் பெஞ்சும் ஒரே தரம்னு நான் பாத்து உறுதி சொல்றேன்'னு. இத்தனை சீட்டையும் நம்பித்தான் பெஞ்சு தெருவுக்குப் போயிருக்கு. சட்டப்படி இந்தக் கையெழுத்துக்காரங்கதான் முதல் பொறுப்பு. இது யாரோடது?"

மைத்துனன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவன் உதட்டில் சிரிப்பு மறுபடி மெல்ல வந்து உட்கார்ந்தது.

அவள் துண்டு வெட்டுகிறாள், எண் போடுகிறாள், அடுக்குகிறாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். தம்பி நீட்டின சீட்டில் அக்கா கையெழுத்துப் போட்டதை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"மேடம், அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றேன்.

"அக்காவுக்குத் தெரியாமயா நூத்துக்கணக்குல போட்டா?" என்றான் அவன்.

அவள் கண்ணாடியையும் முகக்கவசத்தையும் கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தழும்பு. வெள்ளைத் தூள் புருவம் வரை. மெதுவாக நடந்து வந்து, சீட்டுக் கட்டை வாங்கி, மேலே இருந்த நாலு சீட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னோடதுதான்."

"யாரு போடச் சொன்னாங்க? படிச்சுப் பாத்தீங்களா?"

"நாளைக்கு பத்து மணிக்குத்தானே மேடம் சொல்லணும்?"

"ஆமா. நீங்களும் வரணும். தெரிஞ்சதை எல்லாம் சொல்லலாம், யாரைப் பத்தி வேணும்னாலும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பார்வை வாங்கியிருக்கிறேன். தம்பிக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக அவள் எப்போதும் வேறுவேறாகத்தான் வைத்திருப்பாள். அன்று இரண்டு பேருக்கும் ஒரே பார்வைதான்.

"யாரைப் பத்தி முதல்ல சொல்லணும்னு இன்னைக்கு யோசிச்சு வைக்கறேன் மேடம்," என்றாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், வாசலைத் தாண்டிப் போனாள்.